மரமேறப் போகிறவரைப் பின்னால் கூப்பிடலாமா?

நான் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொரு நாள் காலையும் முதல் வேலை, இன்றைக்கு யார் எப்படி விழலாம் என்று கதைப்பதுதான். பகிடிக்குச் சொல்லவில்லை. ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள ஒரு சிறிய மரம் வெட்டும் கம்பனி அது. கூரைக்கு மேல் சாய்ந்த கிளையைக் கழிப்பது, பட்ட கொப்பை இறக்குவது, புயலில் முறிந்ததைத் துப்புரவாக்குவது என்று எல்லாம் செய்வோம். ஏழரை மணிக்கு ட்ரக்கின் முன்மூடியில் ஒரு தாளை விரித்து வைத்து நாலு பேரும் சுற்றி நிற்போம். எது பக்கத்து ஆஸ்பத்திரி, மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, ஏறுகிறவர் மேலே மயங்கினால் யார் போய் இறக்குவது, விழுந்தால் யார் அம்புலன்ஸைக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் டேவ், சாப்பாட்டுக் கடையில் என்ன வேண்டும் என்று விசாரிக்கிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துக் கேட்பார்: "சரி, இன்றைக்கு எது எங்களைக் கொல்லப் பார்க்கும்?"

முதல் நாள் அதைக் கேட்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் பருத்தித்துறையில் கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவன். அப்பா தொழிலுக்கு வெளிக்கிடும்போது எங்கள் வீட்டில் ஒருவரும் "எங்கை போறியள்?" என்று கேட்க மாட்டார்கள். எப்போது வருவீர்கள் என்றும் கேட்கக் கூடாது. அவரும் "போறன்" என்று சொல்ல மாட்டார், "போட்டு வாறன்" என்றுதான் சொல்லுவார். எல்லாவற்றையும் விடப் பெரிய குற்றம், படியிறங்கியவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவது. தப்பித் தவறி யாராவது கூப்பிட்டுவிட்டால் அவர் திரும்பி வந்து, குந்தியிருந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாகப் புறப்படுவது போலத்தான் திரும்பவும் வெளிக்கிட வேண்டும். அப்படி வளர்ந்தவனிடம் விடிந்ததும் விடியாததுமாகச் சாவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லுவான்? என் முறை வரும்போதெல்லாம் "எல்லாம் ஓகே" என்று சொல்லித் தப்பிவிடுவேன். மூன்று வருடங்கள் இப்படியே சமாளித்தேன். டேவும் நான் கூச்சக்காரன், ஆங்கிலம் போதாது என்று நினைத்து விட்டுவிட்டார்.

என்னுடைய வேலை கீழே. மேலே ஏறுகிறவருக்குக் கயிறு பிடிப்பது, வெட்டி விழுத்திய கிளைகளை இழுத்துப் போய் அரைக்கும் இயந்திரத்தின் வாயில் கொடுப்பது. மேலே ஏறியவள் மெல். முப்பது வயதுகூட ஆகாத பெண். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெண்ணையும் மரத்தில் ஏற்றுகிறார்களே என்று மனதுக்குள் சிரித்ததை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் ஏறியதைப் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு கொப்பையும் கையால் தட்டிப் பார்த்து, கயிற்றை மாற்றிப் போட்டு, அறுபது அடி உயரத்தில் நின்றுகொண்டு, கீழே யாருடைய பூச்செடியும் நசுங்காமல் கிளையை இறக்கித் தருவாள். எங்கள் ஊரில் பனையேறுகிறவர்களைச் சின்ன வயதில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். அதே வாய் இங்கேயும் பிளந்தது. என் பெயரான சண்முகத்தைச் சுருக்கி "ஷான்" என்று முதலில் கூப்பிட்டவளும் அவள்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் இலையுதிர் காலம். ஒரு வீட்டின் பின்வளவில், பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்ற பெரிய மேப்பிள் மரம். வீட்டுப் பக்கம் நிலம் மட்டமாக இருந்தது. மறுபக்கம் சரிந்து கீழே ஓடைக்குப் போனது. நீளமான கயிறு வேறொரு ட்ரக்கில் போய்விட்டதால் மெல் அன்று கட்டையான கயிற்றைக் கொண்டுவந்திருந்தாள். உயரத்தில் ஒரு கவட்டையைச் சுற்றி வரும் கயிற்றின் ஒரு நுனி அவளுடைய இடுப்புப் பட்டியில் இருக்கும். மறுபாதி, இறங்கும் வேகத்தை அடக்க அவள் கைக்கடியில் உள்ள பிடிமுடிச்சுக்குள்ளால் ஓடி, கீழே தொங்கும். அந்தத் தொங்கல் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். கயிறு தீர்ந்தாலும் நுனி பிடிமுடிச்சுக்குள்ளால் கழன்று போகாமல் அது தடுத்துவிடும்.

அன்று அந்த நுனியில் முடிச்சு இல்லை. நான் கண்டேன். கடற்கரைக்காரனுக்கு வேறெது தெரியாவிட்டாலும் கயிற்று நுனி கண்ணில் படும். ஆனால் நான் காணும்போது மெல் தலைக்கவசத்தைப் பூட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டி, மரத்தில் ஒரு காலை வைத்துவிட்டாள். வெளிக்கிட்டவளைப் பின்னால் கூப்பிடுவதா? நாக்கு எழும்பவில்லை. அவள் ஏறட்டும், பிறகு நானே போய் முடிச்சைப் போட்டுவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் டேவ் கிளை இழுக்கக் கூப்பிட்டார். இயந்திரத்தின் இரைச்சலில் ஒரு மணித்தியாலம் போனது. திரும்பி வந்து பார்த்தபோது அவள் பள்ளத்துப் பக்கக் கொப்புக்கு நகர்ந்திருந்தாள். கயிற்று நுனி என் கைக்கு எட்டாத உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வாயைத் திறப்பதற்குள் அவள் இறங்கத் தொடங்கிவிட்டாள். கயிறு பிடிமுடிச்சுக்குள்ளால் வழுகி, தீர்ந்தது.

இரண்டு ஆள் உயரம்தான் இருக்கும். சரிவில் கிடந்த மரத்துண்டின் மேல் இடுப்பு அடிபட விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன். டேவ் என்னைத் தோளில் பிடித்துப் பின்னால் தள்ளினார். "தொடாதே!" பிறகு தானே சேற்றில் முழங்காலில் இருந்து, அவளுடைய தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, "மெல், நான் இருக்கிறேன், என்னையே பார்" என்று அம்புலன்ஸ் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் தாளில் எழுதிய ஆஸ்பத்திரியின் பெயரை எங்களில் நாலாமவர் தொலைபேசியில் சொன்னது என் காதில் விழுந்தது. இடுப்பெலும்பு வெடித்து, முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கி, ஒரு கணுக்கால் உடைந்திருந்தது.

அடுத்த வாரம் விசாரணை. தொழிற்பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்தார். ஒவ்வொருவரையும் தனியே இருத்தி, கோப்பி வாங்கித் தந்து, மெதுவாகக் கேட்டார்: "என்ன கண்டீர்கள்?" சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் குணம் தெரியும். சோதனைச் சாவடியில், சுற்றிவளைப்பில், தெருவில் யாராவது விழுந்து கிடந்த இடத்தில், சீருடைக்காரர் எவர் கேட்டாலும் எங்களிடம் இருந்தது ஒரே மறுமொழிதான். ஒண்டும் காணேல்லை. அதைச் சொல்லித்தான் நாங்கள் பலர் உயிரோடு இருக்கிறோம். அந்த அதிகாரியிடமும் என் வாய் என்னைக் கேட்காமலேயே அதைச் சொல்லியது. "ஒன்றும் காணவில்லை." அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். முடிச்சுப் போடாதது மெல்லின் கவனயீனம் என்று மட்டும் தாளில் பதிவாகும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், அந்தப் பெண் கட்டிலில் கிடக்கிறாளே என்ற குற்றவுணர்வு ஒரு பக்கம். எட்டு நாள் இப்படிப் போனது.

ஒன்பதாம் நாள் ஒரு பை தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெல் முதுகைச் சுற்றிக் கடினமான பட்டியொன்று கட்டியபடி படுத்திருந்தாள். பழத்தைக் கட்டிலடியில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னேன். "முடிச்சு இல்லாததை நான் கண்டேன். நீ ஏற முதல் கண்டேன்."

அவள் பழத்தை விட்டு என்னைப் பார்த்தாள். "பிறகு ஏன் கத்தவில்லை?"

எங்கள் ஊரில் புறப்பட்டவரைப் பின்னால் கூப்பிட மாட்டோம், அது கூடாது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள். மூடநம்பிக்கை என்று திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அவள் வேறொன்று கேட்டாள். "சரி, யாராவது தெரியாமல் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வீர்கள்?"

"திரும்பி வர வேண்டும். இருந்து தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு புதிதாகத் தொடங்க வேண்டும்."

"அப்படியென்றால் நீ கூப்பிட்டிருக்க வேண்டும், ஷான்," என்றாள். "நான் வந்து தண்ணீர் குடித்திருப்பேன். குடிக்கும்போது கயிற்றைப் பார்த்திருப்பேன்."

ஐம்பது வயதை எட்டப் போகிறேன். எங்கள் வழக்கத்துக்குள்ளேயே நின்று நிதானித்துப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது என்று இடுப்பெலும்பு உடைந்து கிடந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. நான் கூப்பிடாதே என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, திரும்பி வந்து தண்ணீர் குடி என்ற பாதியைக் கோட்டை விட்டிருக்கிறேன். அந்தக் கட்டிலடியில் நின்று அழுதேன். அவள் என் கையைத் தட்டி, தோடம்பழத்தை உரித்துத் தரச் சொன்னாள்.

அங்கிருந்து நேரே டேவிடம் போய் அதையே சொன்னேன். வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நீண்ட மூச்சு ஒன்று விட்டார். அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்து, என்னையே சொல்ல வைத்தார். பிறகு கேட்டார்: "மூன்று வருடமாக எல்லாம் ஓகே, எல்லாம் ஓகே என்று சொன்னாயே. இன்னும் என்னென்ன கண்டாய்?" நான் சொல்லச் சொல்ல எழுதினார். ஒரு பக்கம் நிறைந்தது. அதில் ஒன்றிரண்டு அவருடைய பிழைகள். அவற்றையும் அதே எழுத்தில், அதே வேகத்தில் எழுதினார். என்னிடம் கோபம் இல்லையா என்று கேட்டதற்கு, "இருக்கிறது. ஆனால் கோபம் முடிச்சுப் போடாது," என்றார்.

ஊரில் மரத்தால் விழுந்தவர்களைப் பற்றி எப்படிக் கதைப்போம் என்று யோசித்துப் பாருங்கள். எந்த நேரத்தில் வெளிக்கிட்டவர், முழிவியளத்தில், அதாவது புறப்படும்போது பார்க்கும் சகுனத்தில், யார் எதிரே வந்தது, ஏழரைச் சனி எத்தனையாவது சுற்று, இப்படித்தான் விசாரிப்போம். கயிறு எப்படி இருந்தது என்று கேட்பவர் குறைவு. விழுந்தவரும் பிறகு அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். மெல் ஒன்பது மாதத்தில் பொல்லூன்றி நடந்தாள். இனி மரமேற முதுகு விடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு ஏறப் பழக்கும் வேலைக்குப் போனாள். முதல் வகுப்பில் தன்னுடைய எக்ஸ்ரே படத்தைச் சுவரில் மாட்டி, எலும்பில் பூட்டிய இரண்டு திருகாணிகளையும் விரலால் காட்டி, "இது நான் போடாத முடிச்சு" என்று சொல்லித்தான் தொடங்குவாளாம். வெட்கம் இல்லை, சுயபரிதாபமும் இல்லை. இந்த நாட்டில் எனக்குப் பிடிக்காதவை எவ்வளவோ உண்டு. பதிவில்லாமல், காப்புறுதியில்லாமல் சனி ஞாயிறுகளில் மரம் வெட்டப் போய் விழுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், அவர்களை ஒரு தாளிலும் எழுதுவதில்லை. ஆனால் இந்தக் குணத்துக்கு நான் தலை வணங்குகிறேன்.

மெல்லின் இடத்துக்கு ரையன் வந்தான். கீழே நிற்பவர் எதைக் கண்டாலும் கத்தலாம், ஏறுகிறவர் கேள்வி கேட்காமல் இறங்கி வந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது இப்போது எங்கள் கம்பனியில் சட்டம். நான் முதல்தடவை கத்தியது ஒன்றுமில்லாத விஷயத்துக்கு. கொப்பில் வெடிப்பு என்று நினைத்தது வெறும் நிழல். ரையன் நாற்பது அடி இறங்கி வந்து, தண்ணீர் குடித்து, என்னோடு நின்று அண்ணாந்து பார்த்து, "நன்றி, ஷான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் ஏறினான். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

இந்த வருடம் ஆவணியில் மூன்று கிழமை லீவில் ஊருக்குப் போனேன். என்னுடைய பயணப் பெட்டியில் சொக்லேற்றை விடக் கயிறுதான் கூட இருந்தது. காரணம், என் தங்கை விமலாவின் கணவர் குணம். கடலுக்குப் போனவர். இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போன பிறகு, மரம் வெட்டும் தொழிலுக்கு மாறி ஏழு வருடம். மோட்டார்சைக்கிளின் பின்னால் செயின்சோ என்ற இயந்திர வாளைக் கட்டிக்கொண்டு தனியே போவார். கிளை இழுக்க அந்தந்த வீட்டுக்காரர் நிற்பார்கள். இடுப்பில் கயிறு கிடையாது, தலையில் ஒரு துவாய். நான் போய் இறங்கிய மூன்றாம் நாள், அச்சுவேலியில் ஒரு வீட்டுக் கூரைக்கு மேல் சாய்ந்த புளியமரத்தைக் கழிக்க விடியவே வெளிக்கிட்டார். வாசல் படலை வரைக்கும் போய்விட்டார்.

"மச்சான்!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டேன்.

முற்றம் கூட்டிக்கொண்டிருந்த விமலாவின் கை நின்றது. குணம் திரும்பினார். நான் விடவில்லை. "மேலை மயக்கம் வந்தா ஆர் உங்களை இறக்கிறது? விழுந்தா எந்த ஆஸ்பத்திரி கிட்ட?"

"அண்ணை!" விமலா விளக்குமாற்றோடு நிமிர்ந்தாள். "விடியக்காலமை என்ன கதை கதைக்கிறியள்? வாயைக் கழுவுங்கோ முதல்லை!"

விளக்குமாற்றை எறிந்துவிட்டு உள்ளே போனாள். செத்தல் மிளகாயும் உப்பும் ஒரு பிடி எடுத்து வந்து குணத்தைத் திண்ணென்று பிடித்து நிறுத்தி, மூன்று தரம் சுற்றினாள். என்னை முறைத்துக்கொண்டே அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டாள். கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடிக்காது என்பார்கள். அன்று மூன்று பேரும் கண்ணீர் வர வர இருமினோம். என்னுடைய நாக்கில் நஞ்சு இல்லை என்று அடுப்பு சாட்சி சொன்னதில், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

இருமல் அடங்கியதும் விமலா ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுவந்து குணத்திடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள். "சரி. அண்ணை கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

"என்னடி நீயும்?"

"ஏழு வரியமா இதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் மனசுக்குள்ளை கேக்கிறன். வாயாலை சொன்னா நடந்திடும் எண்டு பயத்திலை சொல்லேல்லை. விழுந்தா ஆர் இறக்கிறது?"

குணம் சிரித்துச் சமாளித்தார். "அதுதான் மச்சான் வந்து நிக்கிறாரே. இவர் கீழை நிண்டு பிடிப்பார்."

"அண்ணை வாற மாசம் பிளேன் ஏறிடும். அதுக்குப் பிறகு ஆர்?"

பெட்டி நிறையக் கயிறு கொண்டுவந்த நான் அதை யோசிக்கவேயில்லை. படலையடியில் நின்ற மூன்று பேரில், கயிற்றின் மறுநுனியைப் பிடிக்கத் தெரிந்தவன், ஊரில் நிற்க முடியாதவன். விமலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப எனக்குக் காட்டித் தாங்கோ," என்றாள்.

"பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு மரம் வெட்ட வாறான் எண்டு சனம் சிரிக்கும்," என்றார் குணம்.

"நீங்கள் விழுந்தா சனம் சிரிக்காது. வந்து நிண்டு அழும். எது வேணும்?"

அன்று புளியமரத்துக்கு நாங்கள் போகவில்லை. வளவு வேம்பின் கவட்டையில் கயிற்றைப் போட்டு, ஒரு நுனியை ஏறுகிறவரின் இடுப்புக்கு விட்டு, மறுநுனியை அடிமரத்தில் ஓர் இரும்பு வளையத்துக்குள்ளால் எடுத்துக் கட்டினேன். மேலே இருப்பவருக்கு ஏதும் நடந்தால் கீழே நிற்பவர் அந்த இடத்தில் மெல்ல இளக்கி, அவரை நிலத்துக்குக் கொண்டுவரலாம். முதலில் மண் மூட்டை. பிறகு குணமே தொங்கினார். அப்பாவின் வள்ளத்துக் கயிறு இழுத்த கை விமலாவுடையது. இரண்டாம் தரமே முட்டை வைப்பது போல அவரை இறக்கி வைத்தாள். குணம் தரையில் இருந்துகொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் நின்ற மற்ற நாட்களிலெல்லாம் அவர்களோடு வேலைக்குப் போனேன். கடைசிக் கிழமை கைகட்டிக்கொண்டு தள்ளியே நின்றேன். கயிற்றின் நுனியில் முடிச்சு இருக்கிறதா என்று அவள் என்னைக் கேட்டுக் கேட்டுச் சலிப்படைய வைத்தாள்.

இப்போது இங்கே காலை ஏழரை என்றால் அங்கே பின்னேரம் ஐந்து. அந்த நேரத்துக்கு விமலாவிடமிருந்து என் தொலைபேசிக்கு ஒரு சொல் வரும். "இறங்கீட்டார்." வேறொன்றும் எழுத மாட்டாள். நானும் அதற்கு மறுமொழி எழுதுவதில்லை. அதைப் பார்த்த பிறகுதான் கையுறையைப் போடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை அது வரவில்லை. ஏழரை தாண்டி, ஏழே முக்கால் தாண்டிவிட்டது. அழைத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. ரையன் இடுப்புப் பட்டியைப் பூட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றான். என் கையில் அவனுடைய கயிறு இருந்தது, என் மனம் அச்சுவேலிப் பக்கம் ஏதோ ஒரு மரத்தின் கீழே நின்றது. முன்பென்றால் எல்லாம் ஓகே என்றிருப்பேன். டேவிடம் போய்ச் சொன்னேன். "என் தங்கையின் கணவர் ஊரில் மரத்தில் நிற்கிறார். இறங்கிய செய்தி வரவில்லை. எனக்கு இன்றைக்கு இந்தக் கயிற்றைப் பிடிக்கப் பயமாக இருக்கிறது."

டேவ் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். ரையன் பட்டியைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினான். ஒன்ராறியோவில் யாரோ ஒருவருடைய புல்தரையில், நாலு பேர் கோப்பியை வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதர் மரத்தை விட்டு இறங்குவதற்காகக் காத்திருந்தோம். எட்டேகாலுக்குத் தொலைபேசி அதிர்ந்தது. "இறங்கீட்டார். ஃபோன் சார்ஜ் இல்லாமல் போச்சு அண்ணை."

"இறங்கிவிட்டாரா?" என்று டேவ் கேட்டார்.

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். ரையன் எழுந்து போய் மரத்தில் காலை வைத்தான்.